முதல் தளத்தைத் தொட்ட இடது கால்

பேஸ்போல் விதிநூலின் பத்தாவது அத்தியாயம் ஸ்கோர் எழுதுபவருக்கு உரியது. அதன்படி, அடித்தவர் தன் அடியின் பலத்தில் முதல் தளத்தைப் பத்திரமாக அடைந்துவிட்டால் அவர் கணக்கில் ஒரு ‘ஹிட்’ எழுதப்பட வேண்டும். அடைந்த பிறகு அவர் என்ன கோமாளித்தனம் செய்து ஆட்டமிழந்தாலும் அந்த ஹிட்டை அழிக்க இடமில்லை. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், என் நண்பரின் பெயருக்கு எதிரே பூச்சியம் இருந்தது.

எனக்கு விளையாட்டில் அக்கறை கிடையாது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தொடங்கி, கொலோனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் ஓய்வுபெறும் வரை நான் பார்த்தது கோப்பு மட்டுமே. ஆனால் பிழையான பதிவொன்று திருத்தப்படாமல் கிடந்தால் எனக்கு நித்திரை வராது. நண்பருக்கு அது தெரியும்.

அவர் என்னைவிட இளையவர், பேக்கரி ஒன்றில் வேலை. எண்பதுகளின் நடுவில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, நகருக்கு வெளியே ஒரு விடுதியில் இருந்தார். அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரில் கல்லூரி அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். விடுதிக்குப் பக்கத்துப் புல்வெளியில் புதிதாகத் தொடங்கிய பேஸ்போல் கழகம் ஆள் போதாமல் திண்டாடியது. மட்டை பிடிக்கத் தெரியும் என்றதும் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடினார். நான்காவது ஆட்டம் வேறு மாவட்டத்தில். அகதி விண்ணப்பதாரர் மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் அதற்குத் தனியாக ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். அனுமதியும் வந்தது, ஆட்டம் முடிந்த அடுத்த வாரம். அதற்குள் அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். விளையாட்டு வாழ்க்கை அத்துடன் நிறைவுற்றது.

இரண்டாயிரத்து ஏழில் கழகம் தன் பழைய வீரர்களின் புள்ளிவிபரங்களை இணையத்தில் ஏற்றியது. மூன்று ஆட்டம், நாலு தடவை அடிக்க நின்றது, ஹிட் பூச்சியம். ஞாயிறு மாலைகளில் சங்க மண்டபத்தில் நாங்கள் முந்நூற்றிநாலு விளையாடுவோம். எங்களோடு சீட்டாடும் டாக்சிக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு வந்தார்.

“அடிச்ச பந்து மரத்துக்கு மேலால போனதெண்டு எத்தினை வருசமாச் சொல்லுறீர். இஞ்ச முட்டையெல்லோ போட்டுக் கிடக்கு.”

“அது அவங்கள் பிழையா எழுதிப்போட்டாங்கள்,” என்றார் நண்பர்.

“ஓம், ஓம். ஜெர்மன்காரன் பிழையா எழுதுவான், நீர் சரியாச் சொல்லுவீர். முட்டை அண்ணை, துரும்பைச் சொல்லுங்கோ.”

பட்டம் ஒட்டிக்கொண்டது. கோயில் திருவிழாவில் மனைவியின் காதுபட யாரோ அப்படிக் கூப்பிட்டபின் நண்பர் சீட்டாட வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணை, ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம். அந்த ஒரு அடியை மட்டும் போட்டுவிடட்டும்.”

கடிதத்துக்கு முன் விசாரணை. அடித்தபின் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவதுதான் பேஸ்போல் வழக்கம். இவர் மட்டையோடு ஓடியிருக்கிறார்.

“முதல் தளத்தைக் காலால தொட்டனீரோ?”

“தொட்டனான். இடது கால்.”

“மட்டை?”

“மட்டையையும் நீட்டித் தொட்டனான். பழக்கம்.”

“பிறகு?”

யன்னல் பக்கம் பார்த்தார். “பிறகு திரும்பி ஓடினனான்.”

“எங்க?”

“தொடங்கின இடத்துக்குத்தான் அண்ணை. ரெண்டாவது ரன்னுக்கு.”

முதல் தளத்திலிருந்து இரண்டாவது தளத்துக்குப் போக வேண்டியவர், மட்டையை முன்னே நீட்டியபடி எதிர்த்திசையில் முழு வேகத்தில் புறப்பட்டிருக்கிறார். கையில் பந்தை வைத்திருந்த எதிரணிக்காரர் எறியாமல் பார்த்துக்கொண்டு நின்றாராம். நடுவர் அவுட் கொடுத்தார். தளங்களைத் தலைகீழாக ஓடி ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்குபவருக்கு அவுட் கொடுக்க விதியில் இடமுண்டு; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஹிட் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

“திரும்பி ஓடினதை எழுதவேண்டாம் அண்ணை. சனம் சிரிக்கும்.”

“அதை எழுதாட்டில் வழக்கே இல்லை. இப்பவும் சிரிக்குதுதானே.”

தேநீர் ஆறும்வரை யோசித்தார். “சரி, எழுதுங்கோ.”

விதியைக் குறிப்பிட்டு, காலையும் மட்டையையும் திரும்பி ஓடியதையும் ஒழுங்காக விபரித்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். கழகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இது பொழுதுபோக்குக் கழகம், நீதிமன்றம் அல்ல என்றார். அதை எழுத்தில் தரும்படி கேட்டேன். மறுபடி நீண்ட மௌனம். நண்பர் கேட்பதையே விட்டுவிட்டார். ஞாயிறுகளில் பேக்கரியில் மேலதிக வேலை எடுத்தார்.

கடைசியில் செயலாளரின் கடிதம் வந்தது. அன்று ஸ்கோர் எழுதியவர் அக்காலப் பயிற்றுநரின் மனைவி; இப்போது டுசல்டோர்ஃபில் இருக்கிறார். விசாரித்தார்களாம். மட்டையோடு திரும்பி ஓடிய மனிதரை அவர் மறக்கவில்லை. கால் பட்டதைத் தெளிவாகக் கண்டதாகவும், தொடங்கிய இடத்துக்கே திரும்பி ஓடுகிறவருக்கு என்ன குறி போடுவதென்று தெரியாததால் வெறும் அவுட் என்று எழுதிவிட்டதாகவும் சொல்லியிருந்தார். பதிவு திருத்தப்பட்டது. ஹிட் ஒன்று.

நண்பர் என் சமையலறையில் நின்றபடியே அதை இரண்டு தடவை வாசித்தார்.

“நாலுக்கு ஒண்டு,” என்றார். பிறகு, “அண்ணை, எங்கட டாக்சிக்காரருக்குப் போன் எடுத்து ஒரு டாக்சி கேளுங்கோ.”

“எங்க போறீர்?”

“ஒரு இடமும் இல்லை. முன்சீற்றில இருந்து இதை வாசிக்கப் போறன்.”

அவருடைய டாக்சி கிடைக்க வெகுநேரமானது. கொலோனில் கார்னிவல் தொடங்கும் நாள். கோமாளி வேடம் போட்டவர்கள் நகரத்து டாக்சிகளையெல்லாம் பிடித்துவிட்டார்கள். எந்த அலுவலகமும் எதற்கும் பதில் சொல்லாத அந்த நாளில்தான் எங்களுக்குப் பதில் வந்து சேர்ந்தது: 2008 நவம்பர் 11.