தெருவில் பீடி நின்ற பிறகு

அறுபதுகளின் கடைசியில், பெரிய காஞ்சிபுரத்தின் நெசவுத் தெரு ஒன்றில், வீட்டு வாசலிலேயே எனக்கு ஒரு பெட்டிக்கடை இருந்தது. வீட்டுக்காரர் உள்ளே தறியில், நான் வெளியே கடையில். அதற்கு முன்னால், வீட்டுக்காரருக்குப் பட்டு கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கும் முதலாளியின் வீட்டில் ராட்டினத்தின் முன் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஒரு சொல், தண்ணீர் குடிக்க எழுந்தால் ஒரு சொல். செத்தாலும் அங்கே திரும்பிப் போகக் கூடாது என்றுதான் கடை வைத்தேன்.

கடையை நடத்தியது பீடி. பீடியை விற்றுக்கொடுத்தது கடை ஓரத்தில் தொங்கிய கயிறு. அந்தத் தேங்காய் நார்க் கயிற்றின் நுனியில் எந்நேரமும் நெருப்புக் கனிந்துகொண்டிருக்கும். பற்றவைக்க வருகிறவர் பீடி வாங்குவார், அப்படியே ஒரு சோடா கேட்பார், பிள்ளைக்கு மிட்டாயும் வாங்கிப் போவார். காலையில், தறியில் ஏற்றப்போகும் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டுவார்கள். கஞ்சி தோய்த்த பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, ஈரம் காய்வதற்குள் ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். தெரு ஆண்கள் எல்லோரும் கை கொடுக்க வருவார்கள். எனக்கு அதுதான் வியாபார நேரம்.

ஒரு நாள் யாரோ வாயில் வைத்திருந்த பீடியின் பொறி கல்யாணப் புடவைப் பாவில் விழுந்து, சில இழைகள் பொசுங்கிப்போயின. அன்று சாயங்காலமே பெரியவர்கள் கூடினார்கள். இனித் தெருவில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது, என் கடையில் கயிறும் தொங்கக் கூடாது என்றார்கள். முதலில் தலையாட்டியவர் என் வீட்டுக்காரர்.

"நீங்க பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டு வந்துட்டீங்க. கடை இன்னா ஆவறது?" என்று கேட்டேன்.

"பீடி விக்க வாணாம்னா சொன்னாங்க? கயிறுதான் வாணாம்னாங்க" என்றார். இத்தனை புத்தியை எங்கே வைத்திருந்தாரோ.

மெயின் ரோட்டு டீக்கடையில் மறுநாளே புதுக் கயிறு கட்டிவிட்டார்கள். பீடியோடு என் சோடாவும் மிட்டாயும் அங்கே குடிபெயர்ந்தன. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மிட்டாய் ஜாடியைத் துடைப்பேன், அதையே மறுபடி துடைப்பேன். அடுப்புக்கும் கடைக்கும் நடப்பேன். தெருமுனையில் ஆள் தெரிந்தால் எழுந்து நிற்பேன். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு போய்விடுவார். ராத்திரி படுத்தால் ராட்டினச் சத்தம் காதில் கேட்டது.

அப்புறம் எங்கள் பாவு தெருவுக்கு வந்தது. கஞ்சி போட்ட கையோடு வீட்டுக்காரர், ஒரே ஒரு பீடி, இதோ வந்துவிடுகிறேன் என்று மெயின் ரோட்டுக்குப் போனார். அவர் போனதும் கை கொடுக்க வந்தவர்களும் ஒவ்வொருவராகப் பின்னாலேயே நழுவினார்கள். வெயில் ஏறியது. பாவைத் தொட்டுப் பார்த்தேன், இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. ஓடினேன். டீக்கடையில் கையில் கிளாசோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாவு காஞ்சிக்கினு இருக்குது, இங்க இன்னா பேச்சு?" என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன்.

வந்து பார்த்தபோது பாவு விறைத்துப்போயிருந்தது. பிரிக்கப் பிரிக்க அறுந்தது. தெருவில் பீடி இருந்தபோது சில இழைதான் போனது. அதை விரட்டியபின் பாவே போய்விட்டது. முதலாளி கூலி கிடையாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மிஞ்சியிருந்த பீடிக் கட்டுகளை அந்த டீக்கடைக்காரரிடமே தள்ளிவிட்டேன். கடைப் பலகையை எடுத்துவைத்துவிட்டு, பழையபடி நூல் சுற்ற முதலாளி வீட்டுக்குப் போனேன். உள்ளே கால் வைக்கும்போதே அவர் சம்சாரம் நிறுத்தினார்.

"கைய நல்லா கழுவிட்டு வாம்மா. உன் மேல பீடி நாத்தம் அடிக்குது. பட்டுல ஏறிக்கப் போவுது."

கிணற்றடியில் சாம்பல் போட்டு, முழங்கை வரைக்கும் எரிய எரியத் தேய்த்தேன். திரும்பி வந்து இரண்டு கைகளையும் அந்த அம்மாவின் முன்னால் நீட்டினேன். குனிந்து மோந்து பார்த்துவிட்டு, இன்னொரு தரம் கழுவச் சொன்னார்.