கொசைன் இல்லாத ஆய்வகம்

கொளஞ்சிக்குப் பொறாமை என்று சொன்னால் அடிக்க வருவான். ஆனால் 2009-இல், சிதம்பரம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், அவன் வயிறு எரிந்தது வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். திட்டக்குடிப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். கம்ப்யூட்டர் ஆய்வகத்துக்கு உதவியாளனாக வந்தவன், எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் "கொளஞ்சி சாரக் கூப்புடு" என்று சொல்லும்படி வளர்ந்திருந்தான். அதைக் கெடுக்க வந்தவள் தீபிகா.

தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். அவனுக்கு இருந்த அதே உதவியாளர் வேலைதான் அவளுக்கும். வந்த மாதமே பிள்ளைகள் அவள் மேசையைச் சுற்ற ஆரம்பித்தார்கள். கொளஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்துப் புது ஆய்வகம் ஒன்று தயாரானது. துறைத்தலைவர் ராமாமிர்தம் இருவரையும் கூப்பிட்டார்.

"கடல்மட்டம் ஏறி எறங்குறத கணக்குப் போடுற சாப்ட்வேர். திங்கக்கெழம புது லேப் மெஷின்ல ஓடணும். யாரு ஓட வெக்கிறீங்களோ, சாவி அவுங்களுக்கு."

தீபிகா அன்றைக்கே தன் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டிவிட்டாள். கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சாவி அவளிடம் போனால் இனி தன்னை யார் கூப்பிடுவார்கள்?

சனிக்கிழமை, யாரும் இல்லாத நேரத்தில், புது மெஷின்களின் பொது அமைப்பில் ஒரு வரியைச் சேர்த்தான். அது இருந்தால், நிரலை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலர், சின்ன எச்சரிக்கையைக்கூடப் பிழை என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கடல்மட்டச் சாப்ட்வேரின் மூல நிரலில் எச்சரிக்கை வரும் இடங்கள் மண்டிக் கிடந்தன. தன் பிரதியில் மட்டும் ஒன்றுவிடாமல் துடைத்து வைத்தான். அவள் மாட்டுவாள், தான் ஓட்டிக் காட்டுவான். எவ்வளவு சுத்தமான திட்டம்!

திங்கட்கிழமை மாணவர்கள் கூடி நிற்க, ராமாமிர்தம் சொன்னார்: "கொளஞ்சி, நீதான் சீனியர். மொதல்ல நீ ஓட்டு."

கான்ஃபிகர் என்ற கட்டளையைத் தட்டினான். சாப்ட்வேரைக் கட்டுவதற்கு முன் அது, தேவையானதெல்லாம் மெஷினில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிச் சோதனை நிரலைத் தானே எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கும்; தேறினால் இருக்கிறது, தேறாவிட்டால் இல்லை. கணிதத்தில் கொசைன் இருக்கிறதா? இல்லை, என்றது திரை. அதோடு நின்றுவிட்டது.

"கொசைன்கூட இல்லாத கம்ப்யூட்டரா சார்?" பிள்ளைகள் சிரித்தார்கள்.

மறுபடி தட்டினான். இல்லை. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்ட்வேரில் எச்சரிக்கைகளைத் துடைத்தவன், கான்ஃபிகர் அவசரத்தில் எழுதுகிற அந்த இரண்டு வரியை மறந்துவிட்டான். அதற்கும் எச்சரிக்கை வரும்; அவன் சேர்த்த வரி அதையும் பிழையாக்கிவிடும். அவளுக்கு வெட்டிய குழியில் தானே நின்றுகொண்டு, காது சுட, விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, செத்த நவுருங்க," என்று தீபிகா வந்து உட்கார்ந்தாள். அவன் கடவுச்சொல் போட்டு நுழைந்திருந்த மெஷினிலேயே பொது அமைப்பைத் திறந்தாள். அந்த வரி தெரிந்தது. அதை மாற்றுவதற்கான கடவுச்சொல் கொளஞ்சியிடம் மட்டுமே உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான் போடல" என்று சொல்ல வாயைத் திறந்து தயாராக நின்றான்.

"என்னம்மா ஆச்சி?" என்றார் ராமாமிர்தம்.

"ஒண்ணுமில்ல சார். ஒரு வரி ஜாஸ்தியா இருக்கு. அண்ணன் கண்டுபிடிச்சிட்டாரு, என்னை எடுக்கச் சொன்னாரு."

வரியை அழித்துவிட்டு எழுந்து அவனுக்கு இடம் விட்டாள். அவன் தட்டினான். கொசைன் இருந்தது. எல்லாம் இருந்தது. ராமாமிர்தம் தோளில் தட்டிச் சாவியைக் கொடுத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

சாயங்காலம் புவனகிரி பஸ்ஸில் சாவி சட்டைப்பையில் கிடந்தது. காட்டிக்கொடுத்திருந்தால் அவளைத் திட்டித் தீர்த்து நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இப்போது அதற்கும் வழியில்லை. அவன் ஆசைப்பட்ட சாவியைக்கூட அவள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வயிறு முன்னைவிட எரிந்தது.