சாவிக்குள் ஒரு சாவி

பெரியப்பாவின் காரை அப்பா இரவல் கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டைப்பையில் சாவி இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினாலே ஓடும் கார் அது. ஆரியசாலையில் இருவரும் சேர்ந்து நடத்திய பெயிண்டுக் கடை வாசலில் அதை நிறுத்தினால், மற்றவர்கள் ஒதுங்கித்தான் போகவேண்டும். பெரியப்பாவுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது. சாவியைக் கொடுக்கும்போதுகூட முழு மனதாகக் கொடுக்காமல், ஒரு நொடி விரலில் பிடித்துவைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்.

அத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் உற்சவம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. வீடு விழிஞ்ஞம் போகிற வழியில். மாமா அப்போது மஸ்கட்டில் இருந்தார். எல்லா வருடமும் பஸ்ஸில் போகிற நாங்கள் இந்த வருடம் மட்டும் ஏன் காரில் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. நாலாம் வகுப்பில் இருந்த எனக்கு, காரில் போவதற்குக் காரணம் ஏதும் தேவைப்படவில்லை. கேட்டிருந்தாலும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் பதில் வந்திருக்கும். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அம்மா தண்ணீர் வாளியைத் தூக்கக் கூடாது, நான் அவள் மடியில் தாவி ஏறக் கூடாது, மீன் பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், எல்லாம் உடம்பு சரியில்லாததால்.

முந்தின நாள் ராத்திரி திடீரென்று ஹர்த்தால் அறிவித்துவிட்டார்கள். ஹர்த்தால் என்றால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது, ஒரு கடையும் திறக்காது. அதனால் நாங்கள் இருட்டோடு கிளம்பினோம். வழியில் அப்பாவுக்கு முன்னால் இருந்த கண்ணாடித் திரையில் மஞ்சளாக ஒரு சின்னச் சாவிப் படம் மினுங்கிக்கொண்டே வந்தது. அது என்ன என்று அம்மா கேட்டாள். அண்ணன் வண்டியில் எதாவது ஒன்று மினுங்கிக்கொண்டுதான் இருக்கும் என்றார் அப்பா.

அத்தை வீட்டு கேட் குறுகலானது. அப்பா காரைக் கோயில் மைதானத்து ஓரத்தில், பலாமரத்தடியில் நிறுத்தினார். அப்போது மைதானம் காலியாகத்தான் கிடந்தது. உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்பு நான் மதில் மேல் எட்டிப் பார்த்தபோது அங்கே ஒரு யானை நின்றது. சாயங்காலம் சாமியைச் சுமந்து வரும் எழுந்தருளிப்புக்காகக் கொண்டுவந்து அதே பலாமரத்தில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். அது தும்பிக்கையை நீட்டினால் பெரியப்பா காரின் பின்கண்ணாடியைத் துடைத்துவிடலாம், அவ்வளவு பக்கம். நான் சந்தோஷத்தில் கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

உள்ளே யாரும் யானையைப் பார்க்க வரவில்லை. அம்மா இருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. அத்தை வெளியே வந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டையை எடுத்து மாட்டினார்; பொத்தான்கள் துளை மாறி மாட்டியிருந்தன, அதைக் கவனிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு அத்தை போன் செய்தாள். நகரத்துக்குள் இருந்து வரவேண்டும், நேரமாகும் என்றார்கள்.

"அம்மைக்கு என்ன அத்தை?"

"வயித்துவலி மக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா சரியாயிரும். நீ செருப்பப் போடு."

அப்பாவும் நானும் மைதானத்துக்கு ஓடினோம். அப்பா சாவியின் பொத்தானை அமுக்கினார். கார் கேட்கவில்லை. கதவோடு ஒட்டவைத்து அமுக்கினார், மறுபடி அமுக்கினார், உள்ளங்கையில் தட்டிவிட்டு அமுக்கினார். பேட்டரி தீர்ந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் எந்தக் கடையிலாவது வாங்கிப் போட்டுவிடலாம். அப்பா பெரியப்பாவுக்குப் போன் செய்தார்.

சாவிக்குள்ளேயே இன்னொரு சாவி ஒளிந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஓரத்தில் இருந்த சின்ன மூக்கைத் தள்ளி இழுத்ததும், வயிற்றுக்குள்ளிருந்து ஒரு தட்டையான இரும்புச் சாவி வெளியே வந்தது. டிரைவர் பக்கத்துக் கைப்பிடியில் ஒரு மூடி, அதற்கு அடியில் துவாரம். அப்பா சாவியை அதில் நுழைக்கப் போனபோது பெரியப்பாவின் குரல் போனிலிருந்து எனக்கே கேட்டது.

"பொறு, பொறு. அப்படியே திறந்திராத. அந்தச் சாவியப் போட்டுத் திறந்தா திருடன் வந்திருக்கான்னு வண்டி நினைச்சுக்கிடும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணலேன்னா அலாரம் அடிக்கும் பாத்துக்க, கோவளம் வரைக்கும் கேக்கும்."

அப்பா யானையைப் பார்த்தார்.

யானையின் காலடியில் உட்கார்ந்திருந்த இளைய பாகன் அதற்குள் எழுந்து வந்துவிட்டான். என்ன விஷயம் என்று கேட்டறிந்ததும் அவன் முகமும் மாறியது. "ஒச்ச வேண்டா சாரே. ஒச்ச கேட்டால் இவன் நிக்கில்லா" என்று மலையாளத்தில் சொன்னான். சத்தம் கேட்டால் யானை நிற்காதாம். போன வருடம் வேறொரு கோயிலில் வெடிச் சத்தம் கேட்டுச் சங்கிலியோடு ஓடிய யானையாம். கொஞ்சம் தள்ளிக் கட்டக் கூடாதா என்று அப்பா கேட்டார். மூத்த பாகன் சாப்பிடப் போயிருக்கிறார், அவர் இல்லாமல் தான் சங்கிலியில் கை வைத்தால் யானை கேட்காது என்றான். மைதானத்தின் மறு ஓரத்தில் பந்தல் போட்டிருந்தது. அதற்குள் பிள்ளைகளும் பெண்களுமாக நிறையப் பேர் அன்னதானத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா அந்தப் பந்தலைப் பார்த்தார். பிறகு அத்தை வீட்டு வாசலைப் பார்த்தார். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, முழங்காலில் தலையைக் கவிழ்த்திருந்தாள். அத்தை அவளைத் தோளோடு பிடித்திருந்தாள்.

பாகன் யானையின் காதுகளைக் காட்டி ஒன்று சொன்னான். காது ஆடிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. ஆட்டம் நின்றால்தான் அது எதையோ கவனிக்கிறது என்று அர்த்தம். சொல்லிவிட்டு, ஒரு பனை ஓலையைக் கிழித்து யானையின் வாய்ப் பக்கமாக நீட்டியபடி மெல்லிய குரலில் அதனோடு பேச ஆரம்பித்தான்.

அப்பாவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால் பெரியப்பாவின் குரலே அலாரம் மாதிரிதான். அதனால் போனை என்னிடம் கொடுத்தார். பெரியப்பா சொல்வதை நான் காதில் வாங்கி அப்பாவுக்கு மெதுவாகச் சொல்லவேண்டும்.

"நீயா இருக்க? சரி, பயப்படாம கேளு. மொதல்ல சாவியத் திருப்பச் சொல்லு. கதவ இழுக்கக் கூடாது."

"சாவியத் திருப்புங்கப்பா. கதவ இழுக்கக் கூடாதாம்."

டக் என்று ஒரு சத்தம். அதுவே எனக்கு வெடி மாதிரி இருந்தது. யானையின் காது ஆடிக்கொண்டிருந்தது.

"இனி அந்த இரும்புச் சாவிய எடுத்துட்டு, பெரிய சாவியக் கையில வச்சுக்கிடணும். கதவத் திறந்ததும் உக்காந்திரணும். கிளட்ச முழுசா மிதிச்சுக்கிட்டு, சாவிய ஸ்டார்ட் பொத்தானோட ஒட்டவச்சு, சாவியாலயே அமுக்கணும். ஒரே மூச்சுல செய்யணும்."

நான் ஒப்பிப்பதுபோல் அப்படியே சொன்னேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். உதடு அசைந்தது, ஏதோ சாமி பெயராக இருக்கும். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு வேகமாக மினுங்கத் தொடங்கியது. அப்பா சாவியைப் பொத்தானில் வைத்து அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார்.

"ஸ்டார்ட் ஆகல பெரியப்பா."

"எந்தப் பக்கத்த வைக்கான்? கம்பெனி முத்திரை இருக்க பக்கத்த வைக்கச் சொல்லு!"

நான் யானையைப் பார்த்தேன். காது ஆடவில்லை. வாயில் பாதி ஓலையோடு அது அசையாமல் நின்றது. பாகனின் பேச்சும் நின்றுவிட்டது. அவன் கை மட்டும் அதன் தந்தத்தில் இருந்தது. காருக்குள் தலையை நீட்டிக் கிசுகிசுத்தேன்.

"முத்திரை, அப்பா. அந்தப் பக்கம்."

அப்பா சாவியைத் திருப்பினார். அவசரத்தில் அது நழுவி மடியில் விழுந்தது. எடுத்து, மடியிலேயே துடைத்து, பொத்தானில் வைத்து அழுத்தினார். என்ஜின் உறுமியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

நாங்கள் மூன்று பேரும் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒருமுறை தும்பிக்கையைத் தூக்கிக் காரின் பக்கமாக நீட்டி மோந்தது. பிறகு காது ஒருமுறை ஆடியது. இன்னொரு முறை ஆடியது. பாதியில் நின்ற ஓலையை மெல்லத் தொடங்கியது. பாகன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டு உடனே நிமிர்ந்து, காரை வாசலுக்கு உருட்டினார்.

அத்தை பின்சீட்டில் ஒரு பழைய கறுப்புப் போர்வையை மடித்துப் போட்டாள். அதன்மேல் அம்மாவை உட்காரவைத்தாள். பெரியப்பா காரில் மண் ஒட்டக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று நான் எடுத்துக்கொண்டேன். காலியான ரோட்டில் அப்பா அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் அம்மா அத்தையின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "மதினி, கண்ணத் திறந்து வைங்க. இன்னா வந்துட்டோம்" என்று அத்தைதான் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாவும் யானைக்குத்தான் அவ்வளவு பயந்துவிட்டாள் என்று நினைத்து, "யானை ஒண்ணும் செய்யாதும்மா, அது காத ஆட்டிட்டு" என்று திரும்பித் திரும்பிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு போனார்கள். என்னைப் பெரியப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். காரில் கீறல் இருக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. போர்வையைச் சுருட்டி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். ஆரியசாலைக் கடைக்காரர்களின் வீட்டுப் பெண்கள், நாகர்கோவிலில் இருந்து பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி. வந்தவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் நடுவில் புகுந்து கதையை ஆரம்பித்துவிடுவேன். சாவிக்குள் சாவி, பாகன், முத்திரைப் பக்கம், ஆடாமல் நின்ற காது. நாளுக்கு நாள் யானையைக் காருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கட்டினேன். கடைசியில் கையை விரித்து, "அலாரம் அடிக்கல, யானை ஓடல. ஒண்ணுமே ஆகல!" என்று முடிப்பேன்.

எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வரவிருந்ததும், அது அன்று அந்த வாசல்படியிலேயே இல்லாமல் போயிருந்ததும், கல்லூரி முடித்த பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், நான் முடித்ததும் வந்த பெண்கள் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்ப்பார்கள் என்பதுதான். அம்மா என் தலையைத் தடவி, "ஆமா, ஒண்ணும் ஆகல" என்பாள். யாராவது ஒருத்தி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கதையை அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்து யார் வருகிறார்கள் என்று பார்க்க வாசலுக்கு ஓடுவேன்.