ஆளுக்கொரு வெண்டை மொட்டு

தெலுங்குப் பக்கம் மெட்டுகுடாவில் நான் பத்தாவது படித்தபோது, தாவரவியல் செய்முறையில் எப்போதும் நான்தான் முதல். வருஷ நடுவில் கத்வால் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்து சேரும்வரை.

அன்று டீச்சர் ஆளுக்கொரு வெண்டை மொட்டு கொடுத்தார். நடுத்தண்டு முறியாமல் அதைச் சுற்றியிருக்கும் மகரந்தத் தாள்களை மட்டும் நீக்க வேண்டும். நான் இடுக்கியால் எடுக்கப் போய் முறித்துவிட்டேன். அவள் கட்டைவிரல் நகத்தாலேயே ஒரே சுற்றில் உரித்துவிட்டாள். டீச்சர் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது.

எங்கே கற்றாய் என்று டீச்சர் கேட்டார். எட்டு வயதிலிருந்து, சீசனில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் விதைக்காகப் பருத்தி வளர்க்கும் காட்டில் வரிசை வரிசையாக இதே வேலைதான் என்றாள். சின்ன விரல்தான் மொட்டைக் கெடுக்காது என்று பிள்ளைகளாகப் பார்த்துக் கூட்டிப்போவார்களாம்.

அத்தனை வருஷம் பழகினால் நானும்தான் செய்வேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால், முறிந்துபோன என்னுடையதை விட்டுவிட்டு, எங்கள் பெஞ்சிலிருந்த எல்லோருடைய மொட்டையும் அவள் உரித்து முடித்திருந்தாள். எழுந்து நின்று டீச்சரிடம் தெலுங்கில் கேட்டாள்.

"வரிசை முடிஞ்சுது. இப்போ தண்ணி குடிக்கலாமா?"

அவளுடைய தண்ணீர் பாட்டில், திறக்காமல், அவள் முன்னாலேயே இருந்தது.