ஓர் அங்குலப் பிழை

பிளேஸ்டோவில் என் வீட்டுப் பின்பக்கக் கராஜில் நானும் என் மனைவியின் தம்பியும் நான்கு வருடமாக ஒரு ஹொட் ரொட் கட்டினோம். பழைய காரின் உடம்பு, வேறொரு காரின் எஞ்சின், மிச்சமெல்லாம் எங்கள் கைவேலை. ஸ்டியரிங்கில்தான் சண்டை வந்தது. காரோடு வந்த பழைய ஸ்டியரிங் பொக்ஸையே திருத்திப் போடுவோம் என்றான் அவன். அது கனம், கிழட்டுச் சாமான் என்றேன் நான். உடைத்த கார் விற்கிற இடத்தில் ஒரு சின்னக் காரின், சில்லு என்கிற சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ரக்கைக் கழற்றி வந்து அடிச்சட்டத்தில் நானே வெல்டு பண்ணினேன்.

அவன் குனிந்து பார்த்தான்.

"அத்தான், உது உயரத்தில நிக்குது. மேடு ஏறேக்க சில்லு தானாத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழட்டிப்போட்டு, சில்லை ஜாக்கால ஏத்தி இறக்கி அளந்து பாப்பம். முக்கால் இஞ்ச் இறக்கினாக் காணும். ரெண்டு நாள் வேலை."

எனக்கு இரண்டு நாள் இல்லை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மனோர் பார்க் முருகன் கோயிலில் வாகனப் பூசைக்குச் சொல்லியிருந்தேன். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். சொந்தக்காரர் எல்லாரையும் வரச் சொல்லியாயிற்று.

"பூசை முடியட்டும். அதுவரைக்கும் முருகன் பாத்துக்கொள்ளுவார்."

"கோயில் தெருவில ஸ்பீட் பம்ப் போட்டது முருகன் இல்லை அத்தான், கவுன்சில்."

அப்படிச் சொன்னவன்தான் மறுநாள் காலை என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

கோயில் தெருவுக்குள் திரும்பும்போது பத்தேகால். அவசரத்தில் ஸ்பீட் பம்ப் மேட்டில் வேகமாக ஏற்றினேன். ஸ்டியரிங் கையை மீறி இழுத்தது. நடைபாதைக் கல்லில் அடித்து நின்றோம். முன்னால் கையை ஊன்றிய அவனுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கோயில் வாசலில் நின்ற சனம் ஓடி வந்தது. எல்லாருக்கும் முன்னால் நான் கத்தினேன்.

"ஸ்டியரிங் உவன்ர வேலை. பிழையாப் பூட்டிப்போட்டான்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் கராஜுக்கு வரவில்லை. அவன் சொன்னபடியே ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக் வைத்து, நான் தனியாக அளந்தேன். ஓர் அங்குலம் உயரம். என் வெல்டை நானே வெட்டி இறக்கினேன். இப்போது எந்த மேட்டிலும் கார் இழுப்பதில்லை.

போன மாதம் காரை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கதவைத் திறந்தவன் முதலில் காரைத்தான் பார்த்தான்.

"நேரா ஓடுதோ?"

"ஓம்."

"எவ்வளவு இறக்கினனீங்கள்?"

"ஒரு இஞ்ச்."

"நான் முக்கால் எண்டெல்லோ சொன்னனான்."

பிழை என்னுடையது என்று அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் அவ்வளவு தூரம் போனேன். என் வாயில் வந்தது வேறு.

"முக்கால் காணாதடா."

அவன் தலையாட்டினான்.

"அப்ப சரி அத்தான்."

இன்னும் முழுதாக மடங்காத அந்தக் கையாலேயே கதவைச் சாத்தினான்.