சிவப்பு உடுத்து வந்தவர்கள்

என் கணவர் கானா நாட்டவர். சின்ன வயதிலேயே ரொறன்ரோவுக்கு வந்தவர். போன தை மாதம், பிறம்ரனில் அவர் வேலை செய்த கிடங்கில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. இன்றைக்கும் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுப்பதில்லை.

அதன்பின் எங்கள் பதினைந்து வயது மகள் கதைப்பதைக் குறைத்துவிட்டாள். அறைக் கதவுக்கு வெளியே நின்று சாப்பிட்டாயா என்று கேட்பேன். உள்ளேயிருந்து ஓம் என்று வரும். ஆனி மாதத்தில் ஒரு நாள் அவளாகவே வந்து, ரெக்ஸ்டேலில் சனிக்கிழமைகளில் மேற்கு ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கு மேளமும் ஆட்டமும் பழக்குகிறார்கள், தானும் போகவேண்டும் என்றாள். நாங்கள் இருக்கும் அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம். நான் கொண்டுபோய் இறக்கினேன்.

பழக்கியவர் கிழமை நாட்களில் பஸ் ஓட்டும் ஒரு பெண். பிள்ளைகள் எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள், தாய் தகப்பனின் ஆங்கிலத்தைப் பகிடி பண்ணி வளர்ந்தவர்கள். முதல் மாதம் மேளத்தைத் தொடவே விடவில்லையாம். வட்டத்துக்குள் போகுமுன் முன்னால் இருக்கும் பெரியவர்களிடம் வலது கையை நீட்டி உத்தரவு கேட்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வந்தால் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர் குடித்த பிறகு, என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்காமல் வந்தவர் வாய் திறக்கமாட்டார். இவைதான் பாடம். மகள் இதையெல்லாம் காரில் சொல்லிக்கொண்டு வந்தாள், டாஷ்போர்டில் விரலால் தாளம் தட்டியபடி. பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டை நீ எந்த இனம் என்று கேட்டதற்கு, "இருந்து கேள், நேரம் எடுக்கும்" என்று சொன்னாளாம்.

நான் மட்டும் மண்டபத்துக்குள் போவதில்லை. முதல் சனிக்கிழமை வாசலில் ஒரு பெண்ணைக் கண்டேன். அறுபது வயதிருக்கும். பேத்தியைக் கூட்டி வந்திருந்தார். அவரை எனக்குத் தெரியும்.

கணவர் போன மூன்றாம் நாள் அவருடைய ஊர்ப் பெண்கள் நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கறுப்பும் சிவப்புமாக உடுத்தியிருந்தார்கள். தலையில் கட்டிய துணியும் நல்ல சிவப்பு. "செத்த வீட்டுக்கு உப்பிடியே வாறது?" என்று என் அண்ணி பின்னால் முணுமுணுத்தா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஆளை ஆள் பார்த்துவிட்டுப் போனார்கள். பதினேழு வருஷக் கலியாணத்தில் அவருடைய ஆட்களின் செத்த வீடு ஒன்றுக்கும் நான் போனதில்லை. அவர் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு தனியே போய்வருவார். நான் எதையும் கேட்டதுமில்லை.

அந்த நால்வரில் ஒருவர்தான் இவர். அதனால் கோடை முழுக்க நான் காருக்குள்ளேயே இருந்தேன்.

"அம்மா, நீங்கள் உபர் எண்டு எல்லாரும் நினைக்கினம்," என்றாள் மகள்.

"நினைக்கட்டும்."

ஐப்பசியில், குடும்பங்களுக்கு முன்னால் ஆடிக்காட்டும் நாள் நெருங்கியது. காரில் வரும்போது மகள் சிவப்புத் துணி வேண்டும் என்றாள்.

"அப்பா போய் ஒரு வருஷம் ஆகேல்லை. சிவப்போ?"

"அம்மா, அது சாவுக்கு ஆடுற ஆட்டம். அவைக்குத் துக்கம் எண்டால் சிவப்பும் கறுப்பும்தான். நான் அப்பாவுக்காக ஆடப்போறன்."

நான் காரை வீதியோரம் நிற்பாட்டினேன். சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நின்ற நான்கு பேரும் என் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அவர்கள் தண்ணீருக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள்.

"நீங்கள் உள்ளுக்கு வாங்கோ," என்றாள் மகள். "முன்னுக்கு ஒருத்தரும் இல்லாட்டி நான் ஆரிட்டை உத்தரவு கேக்கிறது?"

நான் காரைத் திரும்ப எடுத்தேன். கோபத்தில் போகாமல் இருந்த இடத்துக்கு இப்போது வெட்கத்தில் போக முடியவில்லை. அந்தக் கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. அறைக் கதவு பழையபடி சாத்திக்கொண்டது. அது திரும்பத் திறக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

அவளுக்குச் சிவப்புத் துணி வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் சிவப்பு என்று இருந்தது என் கலியாணக் கூறைச் சேலை மட்டும்தான். சனிக்கிழமை அதைக் கட்டி, மேலே குளிர் ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, தெரிந்த தமிழ் முகம் ஒன்றும் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தபடி காரை ஓடினேன். மண்டப வாசலில் ஜாக்கெட்டைக் கழற்றினேன். மகள் பார்த்தாள். கதவை எனக்காகத் திறந்து பிடித்தாள்.

பேத்தியைக் கூட்டி வரும் அந்த அம்மா முன் வரிசையில் இருந்தார். பக்கத்தில் போய் இருந்து, கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வலது கையால் நீட்டினேன். அவர் என் சேலையைப் பார்த்தார். பிறகு வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"அன்ரி, என்ன காரியமா வந்தனீங்கள்?" நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். நினைவில் அது தமிழாகவே இருக்கிறது.

"ஒம்பது மாதம் பிந்திக் கேக்கிறாய்," என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "நாலு பேரும் முறை வைச்சு உன்னோடை வந்து படுக்கிறம், நாப்பது நாளைக்கு உன்னைத் தனிய விடக்கூடாது எண்டு சொல்ல வந்தனாங்கள். முதல் முறை என்ரை. உடுப்புப் பை காரிலை இருந்தது."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் என் ஆட்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

மேளம் தொடங்கியது. மகள் எங்கள் முன்னால் வந்து, குனிந்து, வலது கையை நீட்டினாள். அன்ரி கையை உயர்த்தினார். அவரைப் பார்த்து நானும் உயர்த்தினேன். அவள் ஆடினாள். ஓரிடத்தில் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

"உது என்னெண்டால்," என்று அன்ரி என் பக்கம் சரிந்தார், "எனக்குக் குளிருது, தேற்ற ஆளில்லை எண்டு அர்த்தம்."

எனக்கு அது முன்னமே விளங்கியிருந்தது.