செங்கல் நிற வானம்

சகுந்தலா டீச்சர் இறந்த செய்தியைப் பள்ளித் தாளாளரே போனில் சொன்னார். "நம்ம சகுந்தலா டீச்சர் தவறிட்டாங்க சார். திங்கக்கிழமை ஸ்கூல்ல இரங்கல் கூட்டம். நீங்க ரெண்டு வார்த்தை நல்லதா பேசணும்." எதைப் பேசக்கூடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த 'நம்ம'தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், பசுமலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் என் வகுப்பும் சகுந்தலா டீச்சரின் வகுப்பும் அடுத்தடுத்து இருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அவர் வகுப்பின் கோலம் மறந்திருக்காது. டீச்சர் சௌராஷ்டிர நெசவுக் குடும்பம். அண்ணனின் சாயப்பட்டறையில் மிஞ்சிய நூல் துணுக்குகளைப் பை நிறையக் கொண்டுவருவார். கப்பலூர்த் தொழிற்சாலைகளில் கழித்த அட்டையை மேலுறையாக வைத்து, பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே பட நோட்டு தைப்பார். அடுப்புக்கரி, செங்கல் பொடி, மஞ்சள், புளியங்கொட்டை எல்லாம் அதில் ஏறும். ரப்பருக்கு மட்டும் தடை. "அழிச்சுட்டா நான் என்னத்தப் பாக்குறது? பக்கத்துலயே இன்னொண்ணு போடு" என்பார்.

எங்கள் பள்ளி வழக்கம் வேறு. ஆய்வு வருகிறதென்றால் கரும்பலகையில் மாம்பழமும் குடமும் போடுவோம். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். கோணலாக வந்ததை நாங்களே திருத்திவிடுவோம். டீச்சர் ஒரு கோட்டைக்கூடத் திருத்த மாட்டார்.

ஒருமுறை ஆய்வுக்கு முந்தைய நாள், தலைமையாசிரியர் அவருடைய வகுப்பு நோட்டுகளைப் புரட்டினார். மூன்றாம் வகுப்பு முத்துமாரி, செங்கல் பொடியைக் குழைத்து வானம் தீட்டியிருந்தாள்.

"வானம் நீலம்னுகூடச் சொல்லித் தரலையாம்மா?"

"அவகிட்டயே கேளுங்க சார்."

முத்துமாரி எழுந்தாள். "எங்க வீட்டு ரோட்டுல லாரி போனா இப்படித்தான் சார் இருக்கும். அம்புட்டும் புழுதி."

தலைமையாசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்து வானத்தின் குறுக்கே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். நோட்டைத் திருப்பி வாங்கப் பிள்ளை கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அன்று மாலையே அந்த வகுப்பின் நோட்டுகள் மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. மறுநாள் எங்கள் மாம்பழங்களுக்கு நல்ல பாராட்டு.

சில நாள் கழித்து, பள்ளி வாசலில் வாங்கிய சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபடி முத்துமாரி வந்தாள். "டீச்சர், இது என் படம்." எண்ணெய் ஊறிய வானம், மேலே அதே சிவப்புக் குறி. அதற்குப் பிறகு அவள் மாம்பழம் மட்டுமே வரைந்தாள். கோடு தாண்டாமல், அச்சு அசலாக.

டீச்சர் அந்தத் தாளை என் கையில் திணித்தார். "வீட்டுல வச்சா தெனமும் பாப்பேன் சார். நீங்களே வச்சுக்கங்க. பிள்ளைய கெடுத்துட்டாங்களே." அடுத்த ஆண்டு அவருக்குக் கணக்கு மட்டும் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதையே நடத்தினார்.

திங்கட்கிழமை போனேன். 'ஓவியத் தாய்' என்று வாசலில் பிளக்ஸ். அவர் நினைவாகப் பிள்ளைகளுக்குப் போட்டியாம். டீச்சரின் முகத்தையே கோட்டுப்படமாக அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். கீழே, 'கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டவும்.'

என் முறை வந்தபோது சுண்டல் தாளை விரித்து, நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். தாளாளர் எழுந்து வந்து, "போதும் சார், நேரமாச்சு" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். டீச்சரிடமிருந்து எனக்கு வந்தவை அந்தத் தாளும் இந்தக் கோபமும். இரண்டையும் அழிக்கப்போவதில்லை. ரப்பர் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார்.